பிசிபி போடும் முன்பே இஎம்சி: பம்பு கன்ட்ரோலரில் எதை முதலில் முடிவு செய்வது?

பம்புப்பலகை

வணக்கம். கோவையில் ஒரு சின்ன நிறுவனத்தில் ஹார்டுவேர் பார்க்கிறேன். விவசாயக் கிணறுகளுக்கு மூன்று ஃபேஸ் பம்பு கன்ட்ரோலர் வடிவமைத்துக்கொண்டிருக்கிறோம். செல்போனிலிருந்து மோட்டாரை ஓட்ட, நிறுத்த வேண்டும். தண்ணீர் வற்றினாலோ ஒரு ஃபேஸ் போனாலோ அதுவே நிறுத்திவிட வேண்டும். உள்ளே ஒரு மைக்ரோகன்ட்ரோலர், 4ஜி மோடம், கான்டாக்டரை இழுக்க இரண்டு ரிலே, கரண்ட் அளக்க மூன்று சிடி (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்). எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) 12 வோல்ட் தரும், அதிலிருந்து வோல்டேஜைக் குறைக்கும் பக் கன்வெர்ட்டரில் மோடத்துக்கு 3.8 வோல்ட், மற்றவற்றுக்கு 3.3. வெளியே போர்வெல்லுக்குள் இறங்கும் நீர்மட்ட எலக்ட்ரோடு ஒயர்கள்.

ஐரோப்பாவில் ஒரு வாடிக்கையாளர் கிடைத்திருக்கிறார், ஐரோப்பிய விதிகளுக்குப் பொருந்துகிறது என்பதற்கான சிஇ முத்திரை கேட்கிறார். அதற்கு இஎம்சி தேற வேண்டும்: போர்டு மற்ற கருவிகளுக்கு மின்காந்தத் தொல்லை கொடுக்கவும் கூடாது, வெளித் தொல்லையால் தடுமாறவும் கூடாது. ஸ்கீமேட்டிக் முடியும் நிலை, லேஅவுட் தொடங்கவில்லை. "முதலில் வேலை செய்கிற போர்டு வரட்டும், இஎம்சியை டெஸ்ட் சமயத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் முதலாளி. எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் இப்போதே எதையெல்லாம் முடிவு செய்ய வேண்டும், எதைத் தள்ளிவைக்கலாம் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. போர்டில் செம்பு இரண்டு லேயரா, நான்கு லேயரா என்பதிலேயே நிற்கிறோம்.

லேயர்நான்கு

பிரித்துச் சொல்ல ஒரு எளிய வழி இருக்கிறது. பிறகு மாற்ற வேண்டுமானால் போர்டையே புதிதாகப் போட வேண்டியிருக்கும் முடிவுகள் ஒரு பக்கம். ஒரு பாகத்தைக் கழற்றி வேறொன்றைச் சாலிடர் செய்தால் தீரும் முடிவுகள் இன்னொரு பக்கம். முதல் வகையை இன்றே முடித்துவிடுங்கள். இரண்டாவது வகைக்குப் போர்டில் இடம் மட்டும் விட்டுவையுங்கள்.

முதல் வகையில் என் கணக்குப்படி நான்கு விஷயங்கள்தான்: லேயர் அடுக்கு, கனெக்டர்கள் எந்த ஓரத்தில் உட்காரும் என்பது, பெட்டி பிளாஸ்டிக்கா தகடா என்பது, பக் கன்வெர்ட்டர் எந்த ஐசி, எந்த அதிர்வெண் என்பது.

லேயர் பற்றிக் கேட்டீர்கள். நான்கு லேயர் எடுங்கள். 1.6 மி.மீ. கனமுள்ள இரண்டு லேயர் போர்டில், அடியில் முழுக் கிரவுண்ட் விட்டாலும் மேலே ஓடும் டிராக்குக்கும் அதற்கும் 1.6 மி.மீ. இடைவெளி. சாதாரண நான்கு லேயர் போர்டில் மேல் லேயருக்கும் இரண்டாவது லேயருக்கும் நடுவில் 0.2 மி.மீ. சுமார். சிக்னல் போய்த் திரும்பும் வளையத்தின் பரப்பு எட்டில் ஒன்றாகிவிடுகிறது, அந்த வளையத்திலிருந்து கிளம்பும் கதிர்வீச்சு 18 டெசிபல் இறங்குகிறது. ஒரு பாகமும் வாங்காமல் 18 டெசிபல். இரண்டு லேயரில் நடைமுறையில் இன்னொரு தொல்லை: டிராக்குகள் ஒன்றையொன்று தாண்ட அடி லேயருக்கு இறங்கும், இறங்கும் இடத்திலெல்லாம் கிரவுண்ட் கிழியும். முழுக் கிரவுண்ட் என்று பேருக்குத்தான் இருக்கும்.

இரண்டாவது, மூன்றாவது லேயர் இரண்டுமே கிரவுண்ட். பவரை மேலும் கீழும் தடித்த டிராக்கில் ஓட்டிவிடலாம், உங்கள் போர்டுக்கு அது தாராளமாகப் போதும்.

செலவுக்கணக்கு

முதலாளி பக்கமும் கொஞ்சம் பேசுகிறேன், நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன். ஒரு பொருள் விற்குமா என்றே தெரியாத நேரத்தில் ஃபில்டருக்கும் ஷீல்டுக்கும் பணம் போடச் சொன்னால் யாரும் தயங்கத்தான் செய்வார்கள். தேவையில்லாத ஃபெரைட், காமன் மோட் சோக் என்று மின் சத்தத்தை அடக்கும் பாகங்கள் அப்பிக்கிடக்கிற போர்டுகளைப் பார்த்திருக்கிறேன். "எதற்கு இது?" என்று கேட்டால் "டெஸ்டுக்குப் பயந்து" என்பார்கள். அதுவும் வீண் செலவுதானே?

லேயர்நான்கு

வீண் செலவுதான், மறுக்கவில்லை. அதனால்தான் இடம் விடச் சொன்னேன், பாகம் போடச் சொல்லவில்லை. எஸ்எம்பிஎஸ் நுழைவில் காமன் மோட் சோக்குக்குப் பேடு (பாகத்தைச் சாலிடர் செய்யும் செம்பு இடம்) வைத்து, இப்போதைக்கு இரண்டு ஜம்பர் போட்டு அனுப்பலாம். வேகமான கிளாக் டிராக்கின் தொடக்கத்தில் ஒரு சீரீஸ் ரெசிஸ்டர் இடம், முதலில் 22 ஓம் போடுங்கள், தேவைப்பட்டால் 47 ஆக்கலாம். எலக்ட்ரோடு ஒயர் நுழையும் இடத்தில் ரெசிஸ்டர், கெபாசிட்டர், டிவிஎஸ் டையோடு (திடீர் உயர் வோல்டேஜை வெட்டுவது) மூன்றுக்கும் பேடு. காலிப் பேடுக்குப் பிசிபிக்காரர் தனியாகக் காசு வாங்குவதில்லை. டெஸ்டில் தாண்டினால் அந்த இடத்திலேயே சாலிடர் செய்து திரும்ப அளந்துவிடலாம். பேடு இல்லையென்றால் டிராக்கை வெட்டி ஒயர் தொங்கவிட வேண்டும். அந்த ஒயரே புது ஆன்டெனாவாகிவிடும், அளந்ததற்கும் அர்த்தம் இருக்காது.

ஓசைவேட்டை

டெஸ்ட் லேபில் வேலை பார்க்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்களிடம் வரும் பொருள்கள் எமிஷனில், அதாவது வெளியே கிளப்பும் தொல்லையில், தோற்பதற்குப் பெரும்பாலும் போர்டிலிருந்து நேராகக் கிளம்பும் கதிர்வீச்சு காரணமில்லை. போர்டிலிருந்து வெளியே போகும் கேபிள்தான் காரணம். போர்டு 10 செ.மீ., கேபிள் 1 மீட்டருக்கு மேல். 30 முதல் 300 மெகாஹெர்ட்ஸ் வரை எது நல்ல ஆன்டெனா என்பது சொல்லாமலே புரியும்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 1 மீட்டர் கேபிளில் 50 மெகாஹெர்ட்ஸில் வெறும் 5 மைக்ரோஆம்பியர் காமன் மோட் கரண்ட் (கேபிளின் எல்லா ஒயரிலும் ஒரே திசையில் போவது) ஓடினால், 3 மீட்டர் தொலைவில் மீட்டருக்குச் சுமார் 105 மைக்ரோவோல்ட் புலம் வரும். குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு, 30 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரை, 3 மீட்டரில் 40 டெசிபல், அதாவது 100 மைக்ரோவோல்ட். 5 மைக்ரோஆம்பியரே வரம்பைத் தாண்டிவிட்டது! தொழிற்சாலை வரம்பு 10 டெசிபல் தளர்வு, அங்கே மூன்று மடங்கு கரண்ட் வரை விடுவார்கள், அவ்வளவுதான். விவசாய மின் இணைப்பு பொது விநியோக லைனிலிருந்து நேராக வருகிறது என்றால் குடியிருப்பு வரம்பை வைத்தே வடிவமைத்துக்கொள்ளுங்கள். எந்த வரம்பு என்பதையும் இப்போதே எழுதிவைத்துவிட வேண்டும், லேபுக்கு வந்து பேசுகிற விஷயம் இல்லை அது.

அதனால் கனெக்டர் இடத்துக்கு நான் தனி அழுத்தம் கொடுப்பேன். எல்லாக் கனெக்டரையும் ஒரே ஓரத்தில் வையுங்கள். மின்சாரம் இடது ஓரத்திலும் எலக்ட்ரோடு ஒயர் வலது ஓரத்திலும் இருந்தால், நடுவில் கிரவுண்டில் விழும் சில மில்லிவோல்ட்டே இரண்டு கேபிளையும் இரண்டு கை ஆன்டெனா போல ஓட்டிவிடும். வெளியிலிருந்து வரும் பர்ஸ்ட்டும் (வேகத் துடிப்புகளின் கூட்டம்) ஒரு கேபிளில் நுழைந்து போர்டு முழுக்கக் கடந்து மறு கேபிளில் வெளியேறும், வழியில் மைக்ரோகன்ட்ரோலர் இருக்கும். ஒரே ஓரம் என்றால் நுழைந்த கரண்ட் அந்த ஓரத்தோடே திரும்பிவிடும்.

பழையசாலிடர்

தம்பி, எல்லாம் சரி. ஆனால் ஒரு முக்கியமான விஷயத்தை யாரும் சொல்லவில்லை. சிடி அளக்கிற அனலாக் கிரவுண்டையும் டிஜிட்டல் கிரவுண்டையும் தனித்தனியாக வெட்டி ஒரே புள்ளியில் சேர்க்க வேண்டும். நான் தராசு போர்டுகள் காலம்காலமாக அப்படித்தான் போட்டு வருகிறேன், மைக்ரோவோல்ட் அளவுக்குச் சுத்தமாக வரும்.

லேயர்நான்கு

ஐயா, தராசு போர்டில் உங்கள் முறை வேலை செய்வதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அங்கே மெதுவான சிக்னல், வேகமான டிராக் எதுவும் அந்த வெட்டைத் தாண்டிப் போகாது, பக்கத்தில் மோடமும் கிடையாது. இந்தப் போர்டில் ஏடிசி (அனலாக் சிக்னலை எண்ணாக்கும் பகுதி) மைக்ரோகன்ட்ரோலருக்குள்ளேயே இருக்கிறது. வெட்டினால் ஏதாவது ஒரு டிராக் அதைத் தாண்டியே ஆக வேண்டும்.

அதிவேகச் சிக்னலின் திரும்பும் கரண்ட், டிராக்குக்கு நேர் கீழேயே கிரவுண்டில் ஓடப் பார்க்கும், இண்டக்டன்ஸ் மிகக் குறைவான வழி அதுதான். நடுவில் வெட்டு வந்தால் சுற்றிக்கொண்டு போகும். வளையம் பெரிதாகும், வெட்டின் இரு கரைகளுக்கு நடுவே மின்னழுத்தம் எழும், ஒரு கரையில் கேபிள் மாட்டியிருந்தால் மேலே ஓசைவேட்டை சொன்ன 5 மைக்ரோஆம்பியர் பிறந்துவிடும். அதனால் கிரவுண்டை வெட்டாமல், பாகங்களைப் பகுதி பிரித்து வையுங்கள். சிடி பகுதி ஒரு மூலை, பக் ஒரு மூலை, மோடம் ஒரு மூலை. பக் கன்வெர்ட்டரின் கரண்ட் சிடி பகுதிக்குக் கீழே ஓடக் காரணமே இல்லாதபடி இடம் அமைந்தால் அதுவே பிரிப்பு.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 415 வோல்ட் பகுதிக்கும் குறைந்த வோல்ட் பகுதிக்கும் நடுவே விடும் இடைவெளி பாதுகாப்புக்கானது. அதில் கை வைக்கவே கூடாது.

பம்புப்பலகை

இருவருக்கும் நன்றி. நான்கு லேயரும் ஒரே ஓரக் கனெக்டரும் முடிவாகிவிட்டது. பெட்டி ஏபிஎஸ் பிளாஸ்டிக்தான், டை ஏற்கெனவே செய்தாகிவிட்டது. பக் கன்வெர்ட்டருக்கு என்ன கவனிக்க வேண்டும்? டேட்டாஷீட்டில் லேஅவுட் படம் இருக்கிறது, அப்படியே போட்டால் போதுமா?

லேயர்நான்கு

பக் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், இந்தப் போர்டில் சத்தத்தின் ஊற்றே அங்கேதான்.

இன்புட் கெபாசிட்டர், மேல் சுவிட்ச், கீழ் சுவிட்ச், மறுபடி கெபாசிட்டரின் கிரவுண்ட் முனை. இந்த வளையத்தில் கரண்ட் ஒரு நானோவினாடி சுமாரில் பாய்ந்து நிற்கும். எழுச்சி நேரம் 1 நானோவினாடி என்றால் 318 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் அதன் ஹார்மோனிக்குகள் வலுவாக இருக்கும், பக் ஓடுவது 400 கிலோஹெர்ட்ஸ்தான் என்றாலும். அதனால் ஐசியின் இன்புட் பின்னுக்கும் கிரவுண்ட் பின்னுக்கும் ஒட்டியே 0.1 மைக்ரோஃபாரட் சின்ன கெபாசிட்டர், அதே பக்கத்தில், நடுவில் வயா (லேயர் தாண்டும் துளை) இல்லாமல். பெரிய 10 மைக்ரோஃபாரட் அதற்கு அடுத்து இருக்கட்டும்.

இரண்டு சுவிட்சும் இண்டக்டரும் சேரும் சுவிட்ச் நோடின் செம்பு எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவு மின்புலம் தெறிக்கும். சூடு தணிய அதைப் பெரிதாக்கத் தோன்றும், வேண்டாம். சூட்டைக் கிரவுண்ட் பேடு வழியாக வயாக்களில் இறக்குங்கள். இண்டக்டரில் ஒரு முனைக்குப் புள்ளி போட்டிருப்பார்கள், சுற்றின் தொடக்கம் அது. அந்த முனையைச் சுவிட்ச் நோடு பக்கம் வைத்தால் ஆடுகிற சுற்று உள்ளே போய்விடும், அமைதியான வெளிச்சுற்று அதை மூடிக்கொள்ளும். போர்டில் எழுத்தாகக் குறித்துவையுங்கள், இல்லையென்றால் அசெம்பிளியில் எப்படி வேண்டுமானாலும் வைப்பார்கள்.

மேல் சுவிட்சை ஓட்டும் பூட்ஸ்ட்ராப் கெபாசிட்டரோடு சீரீஸில் ஒரு ரெசிஸ்டருக்கு இடம் விடுங்கள். முதலில் 0 ஓம். எமிஷன் தாண்டினால் சில ஓம் போட்டதும் மேல் சுவிட்ச் மெதுவாக எழும், திறன் சற்றுக் குறையும், உயர் அதிர்வெண் நன்றாக இறங்கும். இந்த ஒரு பேடு இருப்பதும் இல்லாததும் லேபில் பெரிய வித்தியாசம்.

டேட்டாஷீட் படம் நல்ல தொடக்கம். ஆனால் அதில் உங்கள் கனெக்டர் இருக்காது. பக் கனெக்டர் ஓரத்தை ஒட்டி உட்கார்ந்தால் இன்புட் ஃபில்டரைத் தாண்டி நேராக ஒயரில் ஒட்டிக்கொள்ளும், ஃபில்டர் இருந்தும் பயன் இருக்காது. போர்டின் உள் பக்கம் தள்ளுங்கள்.

ஓசைவேட்டை

எமிஷனையே பேசிக்கொண்டிருக்கிறோம். இந்தப் பொருளுக்கு உயிர் இம்யூனிட்டியில், அதாவது வெளித் தொல்லையைத் தாங்குவதில், இருக்கிறது. ஐஇசி 61000-4-4 பர்ஸ்ட் டெஸ்ட் எதைப் போலச் செய்கிறது தெரியுமா? ரிலே, கான்டாக்டர் போன்றவற்றின் தொடுமுனை திறக்கும்போது காயில் எழுப்பும் பொறிகளைத்தான். 5 நானோவினாடியில் எழுந்து 50 நானோவினாடி நிற்கும் துடிப்புகள், 15 மில்லிவினாடி நீளும் கூட்டமாக, 300 மில்லிவினாடிக்கு ஒருமுறை. தொழிற்சாலை அளவில் பவர் லைனில் 2 கிலோவோல்ட், 3 மீட்டருக்கு மேல் நீளும் சிக்னல் ஒயரில் 1 கிலோவோல்ட். உங்கள் கன்ட்ரோலர் கான்டாக்டரின் பக்கத்திலேயே, அதே ஸ்டார்ட்டர் பெட்டியில் வாழப் போகிறது. லேபில் சில நிமிடம் கொடுப்பதை மோட்டார் ஷெட் வருடக்கணக்கில் தினமும் கொடுக்கும்.

ஸ்கீமேட்டிக் கட்டத்திலேயே ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வேண்டும்: பர்ஸ்ட் வரும்போது ரிலே என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது? சோதனை முடிவுக்குத் தரம் உண்டு. சோதனை நேரத்தில் ஒன்றும் ஆகாமல் ஓடினால் ஏ. தடுமாறித் தானே மீண்டால் பி. ஆள் வந்து ரீசெட் செய்தால் சி. டிஸ்பிளே ஒரு நொடி மறைவது பரவாயில்லை. ஆனால் மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட் ஆகி ரிலே தானாக ஒட்டி, கிணற்றடியில் ஆள் இருக்கும்போது மோட்டார் ஓடினால்? ரீசெட் சமயத்தில் பின்கள் மிதக்கும் நிலையில் இருக்கும். ரிலே டிரைவரின் கேட்டிலோ பேஸிலோ கீழே இழுக்கும் ரெசிஸ்டர் கட்டாயம். ஸ்டார்ட்டுக்கு ஒரு பின்னை மட்டும் நம்பாமல் இரண்டு பின் சேர்ந்தால்தான் இழுக்கும்படி செய்தால் இன்னும் நல்லது. இதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள், ஆள் உயிர் சம்பந்தப்பட்டது.

ஃபர்ம்வேருக்கும் பங்கு உண்டு. வாட்ச்டாக் (நிரல் தொங்கினால் ரீசெட் செய்யும் டைமர்), உள்ளீட்டைப் பலமுறை படித்து ஒத்துப்போனால் மட்டும் நம்புவது, ரீசெட் எதனால் வந்தது என்று பதிவு செய்வது. கடைசியாகச் சொன்னது லேபில் பொன் போன்றது. எந்தத் துடிப்பில் எது விழுந்தது என்று ஊகிக்க வேண்டியதில்லை.

பழையசாலிடர்

கான்டாக்டர் பேச்சு வந்ததால் இதைச் சொல்லிவிடுகிறேன். சத்தத்தைப் பிறந்த இடத்திலேயே அடக்கு தம்பி. கான்டாக்டர் காயிலின் இரண்டு முனைக்கும் குறுக்கே 100 ஓம், 0.1 மைக்ரோஃபாரட் ஆர்சி ஸ்னப்பர். கெபாசிட்டர் எக்ஸ்2 வகை, காயில் வோல்டேஜுக்குத் தகுந்தது. அதைக் காயில் முனையிலேயே மாட்ட வேண்டும். உன் போர்டில் வைத்தால் நடுவில் இருக்கும் ஒயர் முழுக்கப் பொறி சுமந்துகொண்டு மற்ற ஒயர்களோடு ஒரே கட்டில் படுத்திருக்கும். சில பேர் எம்ஓவி (வோல்டேஜ் எகிறினால் கடத்தும் ரெசிஸ்டர்) மட்டும் போட்டு நிம்மதியாகிவிடுவார்கள். எம்ஓவி உச்சத்தை மட்டும் வெட்டும், அதுவரை எழும் வேகத்தைக் குறைக்காது. பொருளோடு ஸ்னப்பரையும் பையில் போட்டுக் கொடுத்து, மாட்டும் படத்தை மேனுவலில் அச்சடித்துவிடு.

இன்னொன்று. சிக்னல் குறைந்த ஊரில் உன் மோடம் 2ஜிக்கு இறங்கினால் நொடிக்கு 217 முறை துடித்துத் துடித்து அனுப்பும், ஒவ்வொரு துடிப்பிலும் 2 ஆம்பியர் வரை இழுக்கும். சிடி சிக்னலைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் அந்த ரேடியோ அலையை ரெக்டிஃபை செய்து, ஓடாத கரண்டை ஓடுவதாகக் காட்டும். டிரை ரன் (தண்ணீர் இல்லாமல் ஓடுவது) பாதுகாப்பு கரண்டை நம்பித்தானே இருக்கிறது? ஆப்-ஆம்ப் உள்ளீட்டுப் பின்னிலேயே 100 பிகோஃபாரட், முன்னால் ஒரு 1 கிலோ ஓம். கிரவுண்ட் வெட்டுவதில் நமக்குள் கருத்து வேறுபட்டாலும் இதில் படாது என்று நினைக்கிறேன்.

லேயர்நான்கு

துளியும் இல்லை ஐயா. அந்த 100 பிகோஃபாரட் பின்னிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளிப் போனாலே பலன் குறையும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

செலவுக்கணக்கு

முதலாளியிடம் சொல்ல நியாயங்கள் கிடைத்துவிட்டன. ஆனால் முதல் போர்டு வந்ததும் தேறுமா தேறாதா என்று நாமே தெரிந்துகொள்ள வழி உண்டா? லேபுக்கு ஒவ்வொரு முறையும் ஓட முடியாது.

ஓசைவேட்டை

உண்டு. கேபிளில் ஓடும் காமன் மோட் கரண்டை அளந்தாலே பாதிக்கு மேல் தெரிந்துவிடும். மாட்டிக்கழற்றும் ஃபெரைட் கிளாம்ப் ஒன்றில் சில சுற்று மெல்லிய ஒயர், அதைக் கோஆக்சியலில் எடுத்து ஸ்பெக்ட்ரம் அனலைசருக்கு (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சிக்னல் என்று காட்டும் கருவி). டைனிஎஸ்ஏ போன்ற மலிவுக் கருவியே போதும், முன்னால் 20 டெசிபல் ஆம்ப்ளிஃபையர் வைத்தால் வசதி. டிரான்ஸ்ஃபர் இம்பீடன்ஸ் 1 ஓம் உள்ள (கேபிளில் 1 ஆம்பியருக்கு 1 வோல்ட் தரும்) கிளாம்பில் 5 மைக்ரோஆம்பியர் என்பது 14 டெசிபல் மைக்ரோவோல்ட், அதாவது மைனஸ் 93 டிபிஎம். வீட்டில் செய்த கிளாம்ப் என்றால் சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து 50 ஓம் ரெசிஸ்டர் வழியாகத் தெரிந்த கரண்டை ஓடவிட்டு அளவீடு குறித்துக்கொள்ளுங்கள்.

கருவியை ஆன் செய்ததும் எஃப்எம் ஸ்டேஷன்கள் 88 முதல் 108 வரை வரிசையாக நிற்கும். போர்டை ஆஃப் செய்து ஒரு படம், ஆன் செய்து ஒரு படம் எடுத்துவிட்டால் எது உங்களுடையது என்று பிரிந்துவிடும். முதலில் பவர் கேபிள் மட்டும் மாட்டி அளங்கள், பிறகு எலக்ட்ரோடு ஒயர், பிறகு ரிலே ஒயர். எதை மாட்டியதும் எகிறுகிறது என்று பாருங்கள், குற்றவாளி அந்தக் கனெக்டருக்குப் பின்னால் இருப்பான். எமிஷனுக்கு இது. பர்ஸ்ட்டுக்கு, ஒரு நிஜக் கான்டாக்டரை ஸ்னப்பர் இல்லாமல் போர்டின் ஒயர்க் கட்டோடு சேர்த்து வைத்து விடாமல் ஆன், ஆஃப் செய்யுங்கள். தரநிலைச் சோதனைக்கு ஈடாகாது, ஆனால் பலவீனமான போர்டு அங்கேயே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு ஒரு நாள் லேபில் முன்சோதனை எடுங்கள். சென்னையில் என்றால் தரமணியில் சமீர் என்ற அரசு ஆய்வு நிறுவனம் இருக்கிறது.

எலக்ட்ரோடு ஒயர் 30 மீட்டரைத் தாண்டும் அல்லவா? அப்படியானால் அந்தப் போர்ட்டுக்கும் சர்ஜ் (மின்னல் போன்றவற்றால் வரும் பெரிய எழுச்சி) சோதனை வரும். போர்வெல் ஒயரில் இடி மின்னல் சமயம் என்ன ஏறும் என்பதை நினைத்தால் சோதனை கேட்காவிட்டாலும் செய்ய வேண்டியதுதான். டிவிஎஸ் டையோடைக் கனெக்டரை ஒட்டியே வைத்து, அதன் கிரவுண்ட் முனையில் இரண்டு மூன்று வயாக்கள் போடுங்கள். அந்த முனையிலிருந்து 20 மி.மீ. டிராக் நீட்டினால் 20 நானோஹென்றி சுமார். பர்ஸ்ட், ஈஎஸ்டி (நிலைமின் பாய்ச்சல்) போன்ற வேகத் துடிப்புக்கு டையோடு இருந்தும் இல்லாதது போலத்தான். ஐஇசி 61000-4-2-இல் 8 கிலோவோல்ட் நேரடித் தொடு டிஸ்சார்ஜ் என்றால் முதல் உச்சம் 30 ஆம்பியர், 1 நானோவினாடிக்குள் எழும். 20 நானோஹென்றியில் அது எத்தனை வோல்ட் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

பம்புப்பலகை

600 வோல்ட்! டையோடை நகர்த்திவிட்டேன். முதலாளியிடம் போர்டை மறுபடி போட வேண்டிய முடிவுகள், பேடு மட்டும் விடும் முடிவுகள் என்று இரண்டு பத்தியாகக் காட்டினேன். நான்கு லேயருக்கு ஒத்துக்கொண்டார், பேடுகளுக்குக் கேள்வியே கேட்கவில்லை. ரிலே கேள்வியைத்தான் அதிக நேரம் பேசினோம். ஸ்டார்ட் ரிலேக்கு இரண்டு பின் என்று மாற்றியாகிவிட்டது.

கடைசியாக ஒன்று. மோடம் ஏற்கெனவே சான்றிதழ் பெற்ற மாட்யூல். அப்படியானால் ரேடியோ பக்கம் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஓசைவேட்டை

எடுத்துக்கொள்ள முடியாது. மாட்யூலின் சான்றிதழ் அதன் ரேடியோ அளவுகளுக்கு உதவும், அதுவும் அவர்கள் சொன்ன ஆன்டெனா நிபந்தனைக்குள் இருந்தால். மோடம் வைத்ததால் உங்கள் பொருள் முழுவதுமே 2014/53/ஈயூ ரேடியோ உத்தரவுக்குள் வந்துவிடுகிறது. அதற்கான இஎம்சி தரநிலை 301 489 வரிசை. மோடம் நெட்வொர்க்கோடு பேசிக்கொண்டிருக்கும்போதே பொருளைச் சோதிப்பார்கள்.

லேயர்நான்கு

சான்றிதழை விடுங்கள், உங்கள் பக் கன்வெர்ட்டரின் சத்தத்தை முதலில் கேட்பது உங்கள் மோடமே. லேப் ஆன்டெனா 3 மீட்டர் தள்ளி நிற்கும், மோடத்தின் ஆன்டெனா சில சென்டிமீட்டரில். டவர் தூரமாக இருக்கும் தோட்டத்தில் இணைப்பு விட்டுவிட்டுப் போவதற்கு இது போதும். முதல் போர்டு வந்ததும், பலவீனமான சிக்னல் உள்ள இடமாகப் பார்த்து மோடத்தைத் தனி பேட்டரியில் ஓட்டி, பக்கை நிறுத்தி ஒருமுறை, ஓட்டி ஒருமுறை அது சொல்லும் சிக்னல் தர எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் தெரிந்தால் ஆன்டெனாவைப் பக்கிலிருந்து எதிர் மூலைக்குத் தள்ள வேண்டும். பெட்டியின் டை ஏற்கெனவே முடிந்துவிட்டது என்கிறீர்கள். அப்படியானால் ஆன்டெனாவுக்கு எந்த மூலையில் இடம் இருக்கிறது என்பதை லேஅவுட் தொடங்கும் முன்பே பார்த்துவிட்டு, பக்கை அதற்கு எதிர் மூலையில் வையுங்கள்.